யூஸ்டு கார் வாங்கப் போறீங்களா? பிரேக் சத்தத்துக்கும் கியர்பாக்ஸ் சத்தத்துக்கும் எவ்வளவு விலை குறைக்கணும்?

யூஸ்டு கார் லோன் வட்டி பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கார் விலை வேற, கார் உங்களுக்கு ஆகுற செலவு வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் பல நேரம் சத்தமாத்தான் வெளியே வரும். அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்கணும், கேட்டதை எப்படிப் பணமா மாத்தணும்னு இன்னிக்குப் பார்ப்போம். நான் மெக்கானிக் இல்லை, ஆடிட்டர். அதனால கடைசி வார்த்தை உங்க மெக்கானிக் அண்ணனோடதுதான். ஆனா அவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே பாதி வண்டிகளை நீங்களே கழிச்சுக் கட்டிடலாம்.

எங்க அக்கவுண்டிங்கில் ஏஎஸ் 29னு ஒரு தரநிலை உண்டு. ஒரு செலவு வர வாய்ப்பு அதிகம்னு தெரியுது, எவ்வளவுன்னும் மதிப்பிட முடியுது என்றால் அதுக்கு இப்பவே பணம் ஒதுக்கணும். அதுக்குப் பேர் ப்ரொவிஷன். வரலாம், வராமலும் போகலாம், அல்லது எவ்வளவுன்னே சொல்ல முடியாது என்றால் அது கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. பிரேக் சத்தம் பெரும்பாலும் முதல் வகை. கியர்பாக்ஸ் சத்தம் பெரும்பாலும் ரெண்டாவது வகை. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

பிரேக்: சத்தம் சின்னது, ஆபத்து பெருசு

கார் பார்க்கக் காலையிலேயே போங்க. "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க சார், நான் வந்து பண்றேன்"னு முதல் நாளே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா யாரோ உங்களுக்கு முன்னாடியே வண்டியை ரெடி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்.

மார்கழிப் பனியிலோ ஐப்பசி மழையிலோ ராத்திரி வெளியே நின்ன வண்டின்னா, முதல் ரெண்டு மூணு பிரேக்குக்கு "சரக் சரக்"னு உரசும். டிஸ்க் மேல படிஞ்ச மெல்லிய துரு அது. நாலு தடவை பிரேக் பிடிச்சதும் போயிடும். அதுக்காக விலை பேசாதீங்க, விக்கிறவர் சிரிப்பார்.

போகாத சத்தம்தான் விஷயம். மெதுவா பிரேக் பிடிக்கும்போது "கீச்ச்ச்"னு மெல்லிசா வந்தா, பேட் தேயத் தேயச் சத்தம் போட்டு எச்சரிக்கிற ஒரு சின்ன உலோகத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பிச்சிருக்கலாம். பேட்ல இன்னும் 2, 3 மில்லிமீட்டர்தான் பாக்கின்னு அது சொல்லுது. தூசி படிஞ்சாலும், பேட் கருகிப் பளபளன்னு ஆனாலும் இதே கீச் வரும். அதனால போன் டார்ச்சை வீல் இடுக்கு வழியா அடிச்சுப் பேட் கனத்தைக் கண்ணால பாருங்க. "கரகர"ன்னு இரும்பும் இரும்பும் உரசுற சத்தம் வந்தா பேட் தீர்ந்து போச்சு, டிஸ்க்கும் கீறியிருக்கும். பேட் மட்டும் மாத்துற செலவு இப்போ பேட், டிஸ்க் ரெண்டும் மாத்துற செலவா வளர்ந்தாச்சு. அந்த வண்டியை டெஸ்ட் டிரைவ்னு சொல்லி ஹைவேக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

சத்தமே இல்லாத ஒரு கோளாறும் உண்டு. வண்டி நிக்கும்போது இன்ஜினை ஓட விட்டுப் பிரேக் பெடலை ஒரே அழுத்தமா முப்பது விநாடி மிதிச்சுப் பிடிங்க. பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினா மாஸ்டர் சிலிண்டரோ, எங்கேயோ லீக்கோ. விலை பேசுறதுக்கு முன்னாடி அது சரியாகணும்.

நம்ம டெல்டா பக்கம் அதிகம் வர்ற ஒரு விளம்பரம்: "ஓனர் சிங்கப்பூர்ல இருக்கார், அஞ்சு வருஷத்துல 18,000 கிலோமீட்டர்தான், கண்ணாடி மாதிரி வண்டி." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வருஷத்துல பதினோரு மாசம் ஷெட்டுல நின்ன வண்டிக்குத் தனியா ஒரு நோய்ப் பட்டியல் உண்டு. டிஸ்க்ல துரு ஆழமா அரிச்சுக் குழி விழுந்திருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டே விட்டிருந்தா பின்னாடி டிரம்முல ஷூ ஒட்டிக்கிட்டிருக்கும், வண்டி நகரும்போது "டொக்"னு ஒரு சத்தத்தோட விடுபடும். டயர் ஒரே இடத்துல அழுந்தி "தடக் தடக்"னு தாளம் போடும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், ஓடினாலும் ஓடாட்டியும் சுமார் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். குறைஞ்ச கிலோமீட்டருக்காக அதிக விலை கொடுக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கியர்பாக்ஸ்: ஏசி, பாட்டு ரெண்டையும் நிறுத்துங்க

இது ரொம்ப எளிமையான சோதனை, செலவு பூஜ்யம். வண்டியை நியூட்ரல்ல வெச்சு இன்ஜினை ஓட விடுங்க. கிளட்சிலிருந்து காலை எடுங்க. "விர்ர்ர்"னு ஒரு சத்தம் கேட்குதா? இப்போ கிளட்சை முழுசா மிதிங்க. சத்தம் நின்னுட்டா சந்தேகம் கியர்பாக்ஸ் உள்ளே இருக்குற இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல. நேர்மாறா, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்து விட்டா நின்னா, அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். பொருள் சின்னதுதான், ஆனா அதை மாத்த கியர்பாக்ஸையே இறக்கணும். இறக்கினதும் கிளட்ச் செட்டையும் சேர்த்து மாத்துறதுதான் வழக்கம், இல்லைன்னா அதே கூலியை ரெண்டாவது தடவை கொடுப்பீங்க.

ரிவர்ஸ்ல "உய்ய்ய்"னு ஊளையிட்டா பயப்பட வேண்டாம். பல கார்கள்ல ரிவர்ஸ் கியரோட பல் அமைப்பே அப்படி. ஆனா மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு இறக்கும்போது "கர்ர்க்"னு கடிச்சா சின்க்ரோனைசர் தேஞ்சிருக்கலாம். விக்கிறவர் "எல்லா வண்டிக்கும் வர்ற சத்தம்தான் தம்பி"ம்பார். அதே மாடல் வெச்சிருக்குற நண்பர் வண்டியை ஒருநாள் ஓட்டிப் பார்த்துட்டுப் போனா இந்தப் பேச்சுக்குப் பதில் உங்ககிட்ட இருக்கும். கெட்டியான ஆயில் ஊத்திச் சத்தத்தை அமுக்குறதும் பழைய வித்தைதான். காலைக் குளிர்ல கியர் விழ முரண்டு பிடிக்கும். அதுக்கும் சேர்த்துத்தான் பானெட்டைத் தொடச் சொன்னேன்.

வேகம் கூடக் கூட "ஊஊம்"னு கூடுற சத்தத்தை எல்லாரும் கியர்பாக்ஸ்னு நினைச்சுடுவாங்க. காலியான ரோட்டில் நியூட்ரலுக்கு மாத்திச் சும்மா உருள விடுங்க. சத்தம் அப்படியே இருந்தா பெரும்பாலும் கியர்பாக்ஸ் இல்லை, வீல் பேரிங் அல்லது டயர். ரோடு மாறும்போது சத்தமும் மாறினா டயர். ஸ்டியரிங்கை லேசா இடது பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினா வலது பக்க வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்க, ஏன்னா எடை அந்தப் பக்கம் சாயும்.

அடுத்தது டிரைவ் ஷாஃப்ட். அறுவடை இல்லாத நேரம் ஊர்ல நெல் களம் காலியாத்தான் கிடக்கும். அங்கே ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டமடிங்க. "டக் டக் டக்"னு வந்தா சிவி ஜாயின்ட். அதை மூடியிருக்குற ரப்பர் பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளியே போயிடும், சேறும் தூசியும் உள்ளே போகும். வரப்பை ஒட்டின மண் ரோட்டில் ஓடுற வண்டிக்கு, ரோட்டில் காயப் போட்ட வைக்கோல் மேல ஏறி இறங்குற வண்டிக்கு, இதைக் கீழே குனிஞ்சு பார்க்காம வாங்கவே கூடாது.

கிளட்ச் வழுக்குதான்னு பார்க்க ஏற்றம் வேணும். தட்டையான நம்ம ஊர்ல ஏற்றத்துக்கு எங்கே போறது? ரயில்வே மேம்பாலம்தான். தஞ்சாவூர்ல சாந்தப்பிள்ளை கேட் மேம்பாலம், இல்லைன்னா வல்லம் பக்கம் மேடு. கியரைக் குறைக்காம ஏறி ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்க. இன்ஜின் மட்டும் கத்தி வேகம் கூடலைன்னா கிளட்ச் பிளேட் முடியுற கட்டம். ஏஎம்டி வண்டியில பெடல் இல்லையே தவிர கிளட்ச் பிளேட் உண்டு. இந்தியாவுல மக்கள் வாங்குற விலையில ஏஎம்டி வந்தது 2014-ல, செலேரியோவோட. அந்த முதல் வரிசை வண்டிகளுக்கு இப்போ பத்து வயசுக்கு மேல ஆச்சு. நகரும்போது நடுங்கி நடுங்கி நகர்ந்தா ஸ்கேனர் போட்டுப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

சத்தத்தைக் கணக்கில் எழுதுறது

கணக்கு புரியுறதுக்காக ஒரு கற்பனை எண் எடுத்துக்குவோம். கேட்குற விலை 3,60,000 ரூபாய். உங்க கையில 60,000, மீதி 3,00,000 லோன். 14% வட்டி, 48 மாசம் என்றால் இஎம்ஐ சுமார் 8,200 ரூபாய். மொத்த வட்டி மட்டும் சுமார் 93,500. முன் டிஸ்க், பேட் மாத்த 9,000, கிளட்ச் செட்டுக்குக் கூலியோட 14,000னு ஒர்க்ஷாப்பில் எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். இது ப்ரொவிஷன். 23,000-ஐ எஸ்டிமேட் காகிதத்தோட விலையில குறைங்க. வாயால "கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு கேட்குறதுக்கும் காகிதத்தைக் காட்டிக் கேட்குறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

இன்னொன்று. பேங்க் காருக்குத்தான் லோன் கொடுக்கும், ரிப்பேருக்குக் கொடுக்காது. 60,000-ஐயும் டவுன் பேமெண்ட்டா கொடுத்துட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டா, முதல் மாசமே பிரேக் வேலை கிரெடிட் கார்டுக்குப் போகும். அங்கே பாக்கி வெச்சா பல கார்டுகளில் வட்டி மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல.

இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தம் கேட்டா? கியர்பாக்ஸைப் பிரிக்கிற வரைக்கும் யாராலும் தொகை சொல்ல முடியாது. இதுக்கு நான் விலை பேசவே மாட்டேன். விக்கிறவர் தன் செலவுல சரி பண்ணிப் பில்லோட கொடுத்தா சரி, இல்லைன்னா அடுத்த வண்டி. மாசம் 35,000 சம்பளத்துல இருக்குறவர் அளவு தெரியாத கடனை ஏத்துக்கக் கூடாதுங்கிறது என் கருத்து.

காகிதத்துல ரெண்டு தடயம்

சத்தம் பொய் சொன்னாலும் இன்ஷூரன்ஸ் பாலிசி சொல்லாது. பழைய பாலிசி காப்பிகளை வரிசையா வாங்கி நோ கிளெய்ம் போனஸைப் பாருங்க. கிளெய்ம் இல்லாம ஓடினா 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். திடீர்னு பூஜ்யம் ஆனா அதுக்கு முந்தின வருஷம் கிளெய்ம் ஆகியிருக்கலாம், இல்லை கை மாறியிருக்கலாம், இல்லை பாலிசி விட்டுப் போயிருக்கலாம். எதுன்னு கேளுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையில கார்கள் தண்ணியில மூழ்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னைப் பதிவு வண்டி தஞ்சாவூர்ல விலைக்கு வந்து, அதுக்கு அடுத்து எடுத்த பாலிசியில போனஸ் பூஜ்யம்னா, கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி உள்ளே போயிருக்கு. அந்தக் கியர்பாக்ஸ் இன்னிக்குச் சத்தம் போடாட்டியும் பின்னாடி போடும்.

ரெண்டாவது, ரீகால். 2022 அக்டோபர்ல மாருதி சுஸுகி வேகன்ஆர், செலேரியோ, இக்னிஸ் வண்டிகள்ல 9,925-ஐத் திரும்ப அழைச்சது. பின் பிரேக் அசெம்பிளி பின் உடைஞ்சு வித்தியாசமான சத்தம் வரலாம், நாளடைவில் பிரேக் திறனையும் பாதிக்கலாம்னு கம்பெனியே அறிவிச்சு, இலவசமா மாத்திக் கொடுக்க முன்வந்தது. அது 2022 ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை தயாரான வண்டிகளுக்கு. அந்த வண்டிகள் இப்போ செகண்ட்ஸ் மார்க்கெட்டுக்கு வர்ற வயசு. ஆர்சியில இருக்குற சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்துலயோ சர்வீஸ் சென்டர்லயோ கொடுத்துக் கேளுங்க. வேலை பாக்கி இருந்தா, அந்தச் சத்தத்தைச் சரி பண்ண நீங்க ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.