கையால் தைக்கும் நோட்டுக்குத் தாள் பார்த்து வாங்குவது எப்படி?

கடையில் தாள் கேட்டால் முதல் கேள்வியே "எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்பதுதான். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவே. 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு தாள்களில் ஒன்று வருஷக்கணக்கில் புரட்டினாலும் தாங்கும். மற்றது தையல் ஓரத்திலேயே கிழியும். நாரின் நீளம், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இறுக்கம், அவை படுத்திருக்கும் திசை இவைதான் பலத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் கையாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கிழித்து, விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். யூகலிப்டஸ் நார் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நீள நார் கலந்த தாளின் விளிம்பில் மயிரிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிழிந்தால் குட்டை நாரும் சுண்ணத் தூளும் அதிகம் என்று கொள்ளலாம். வெண்மைக்காகவும் மறுபக்க எழுத்து தெரியாமலிருக்கவும் சேர்க்கும் அந்தத் தூள், நார்களுக்கு நடுவே புகுந்து பிடிப்பைக் குறைத்துவிடும். மறுசுழற்சித் தாளிலும் பிடிப்பு குறைவுதான்: ஒருமுறை காய்ந்து விறைத்த நார் மறுபடி பழையபடி ஊறாது. தைக்கும் பக்கங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது திசை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆலையில் கூழ் ஓடும் வலைமேல் விழும்போது, நார்களில் பெரும்பகுதி இயந்திரம் ஓடும் பக்கமாகவே படுத்துவிடும். அச்சகத்தில் இதை கிரெயின் என்பார்கள். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என ஒரே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள்; ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம் போதும். அடையாளத்துக்குப் பென்சிலால் குறித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு நுனியில் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டுங்கள். பிறகு மேல்கீழாக மாற்றிப் பிடியுங்கள். ஒருமுறை இரண்டும் ஒட்டியே வளையும். மறுமுறை கீழ்ப்பட்டை மட்டும் தொங்கி நடுவே இடைவெளி விழும். அப்படித் தொங்காமல் மேலே நிற்கும் பட்டையின் நீளம்தான் நாரின் திசை.

அந்தத் திசை புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில்தான் உப்பும். நார் முதுகுக்குக் குறுக்கே இருந்தால் ஐப்பசி மழையில் பக்கங்கள் முதுகின் நீளவாக்கில் விரியப் பார்க்கும். தையலும் பசையும் விடாது. தாள் அலை அலையாக நெளிந்துவிடும்.

மடிப்புச் சோதனையையும் விடாதீர்கள். ஒரு மூலையை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அழுத்தி மடியுங்கள். சில மடிப்பிலேயே மூலை கையோடு வந்துவிட்டால் அந்தத் தாள் வேண்டாம். படிகாரமும் ரோசினும் சேர்த்துச் செய்த பழைய அமிலத் தாள்கள் இதில் சீக்கிரம் தோற்கும்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: ஜெராக்ஸ் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். அதைப் பாதியாக மடித்து ஏ5 நோட்டாகத் தைத்தால் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். அதனால், நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளைப் பட்டைச் சோதனை செய்து வாங்கி, குறுக்கே இரண்டாக வெட்டி, பிறகு மடியுங்கள். திசை சரியாக அமையும்.