காந்தம் தூக்கிடும், பிடிச்சு வைக்கிறதுதான் கஷ்டம்! மேக்லெவ் ரயில் ஓடுற கதை



எனக்கு சொந்த ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற ஒடுகத்தூர். எங்க ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு வேலூர் போய், அங்கிருந்து காட்பாடி போகணும். அப்படிப்பட்ட ஊர்ல இருந்து வந்த நான், ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்கு "மிதக்கும் ரயில்" செஞ்சேன். பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தங்களை வரிசையா ஒட்டினா தண்டவாளம். அடியில காந்தம் வெச்ச தெர்மாகோல் துண்டுதான் ரயில். ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்கேல் நிக்க வெச்சிருந்தேன். ரயில் அழகா மிதந்துச்சு.

பார்க்க வந்த சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அந்த ஸ்கேலை எடுத்துட்டு ஓட்டிக் காட்டு, பார்ப்போம்."

எடுத்தேன். ரயில் பக்கவாட்டுல துள்ளி, தலைகீழா புரண்டு, தண்டவாளத்தோட ஒட்டிக்கிச்சு. "பசை சரியில்ல சார்"னு சமாளிச்சேன். தப்பு பசை மேல இல்லைன்னு காலேஜ் வந்த பிறகுதான் புரிஞ்சது.

ஸ்கேல் ஏன் தேவைப்பட்டது?

சாமுவேல் எர்ன்ஷா என்பவர் 1842-லேயே இதைக் கணக்குப் போட்டு நிரூபிச்சிட்டார். அசையாத நிரந்தர காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றால் மட்டும் இன்னொரு காந்தத்தை நிலையா மிதக்க வைக்க முடியாது. ஏதாவது ஒரு திசையில அது நழுவியே தீரும். அப்போ நிஜ ரயில் எப்படி மிதக்குது? அதுக்கு ரெண்டு வழி இருக்கு.

வழி 1: விடாம கவனிக்கிறது

சீனாவின் ஷாங்காய் ரயில் இந்த வகை. 2004 முதல் பயணிகளை ஏத்திக்கிட்டு 30 கி.மீ. பாதையில ஓடுது. மணிக்கு 431 கி.மீ. வரை ஓட்டியிருக்காங்க. இதுல ரயிலோட கைகள் பாதையின் விளிம்பை அடியில சுத்திப் பிடிச்சிருக்கும். அந்தக் கைகள்ல இருக்கிற மின்காந்தங்கள், மேலே இருக்கிற பாதையின் இரும்பை நோக்கி இழுக்கும். ரயிலும் சேர்ந்து மேலே எழும்பும்.

இதுல ஒரு சிக்கல். இடைவெளி குறைஞ்சா இழுவிசை கூடும், அதனால இடைவெளி இன்னும் குறையும், கடைசியில ஒட்டிக்கும். இடைவெளி கூடினா விசை குறைஞ்சு ரயில் கீழே இறங்கிடும். அதனால சென்சார் இடைவெளியை விடாம அளந்துக்கிட்டே இருக்கு. கன்ட்ரோலர் அதுக்கேத்த மாதிரி மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்குது. இப்படித்தான் சுமார் 10 மி.மீ. இடைவெளி நிலையா நிக்குது. நாம அரியர் வெச்சு எழுதற கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்தான் அந்த ரயிலைத் தூக்கிப் பிடிச்சிருக்கு!

வழி 2: ஓடிக்கிட்டே இருக்கிறது

இது ஜப்பான்காரங்க வழி. திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விச்ச மீக்கடத்தி காந்தங்கள் ரயில்ல இருக்கும். பாதையின் பக்கச் சுவர்ல கம்பிச் சுருள்கள் இருக்கும். ரயில் வேகமா கடக்கும்போது சுருள்ல மின்னோட்டம் தூண்டப்படும். லென்ஸ் விதிப்படி அது மாற்றத்தை எதிர்க்கும். ரயில் கீழே இறங்கினா மேலே தள்ளும், பக்கவாட்டுல நகர்ந்தா நடுவுக்குக் கொண்டு வரும். ஆனா வேகம் இருந்தாத்தான் இது நடக்கும். அதனால சுமார் 150 கி.மீ. வேகம் வரை, விமானம் மாதிரி, ரப்பர் சக்கரத்துலதான் ஓடும். 2015 ஏப்ரல் 21 அன்று இந்த ரயில் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 603 கி.மீ. தொட்டது.

சரி, முன்னாடி தள்றது யாரு?

ஒரு மோட்டாரோட ஸ்டேட்டரை வெட்டி, பாய் மாதிரி நீளமா விரிச்சுப் போட்டதா நினைச்சுக்கோங்க. சுத்த வேண்டிய காந்தப்புலம் இப்போ நேர்கோட்டுல ஓடும். ரயில் அதோட சேர்ந்து ஓடும். இதுதான் லீனியர் மோட்டார்.

நம்ம தையூர்

சக்கர உராய்வு போயிடுச்சு, ஆனா காற்று இருக்கே? வேகம் இரண்டு மடங்கானா காற்றுத்தடை நாலு மடங்காகும். அதனால ரயிலை ஒரு குழாய்க்குள்ள விட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துடலாம்ங்கறதுதான் ஹைப்பர்லூப்.

இதுக்கு ஜப்பான் போக வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2017-ல் ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் குழுவை ஆரம்பிச்சாங்க. 2022-ல் ரயில்வே அமைச்சகம் 8.34 கோடி ரூபாய் ஒதுக்கியது. தையூர் வளாகத்தில் 422 மீட்டர் சோதனைக் குழாய் தயாராகிவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது.

"அதுல 1000 கி.மீ. வேகம் போகலாமா?"னு கேக்காதீங்க, கணக்குப் போடுங்க. பாதி தூரம், அதாவது 211 மீட்டர், வேகமெடுக்கணும். மீதி பாதியில பிரேக் போட்டு நிக்கணும். முடுக்கம் 9.8 வெச்சு v² = 2as-ல் போட்டா, உச்ச வேகமே மணிக்கு சுமார் 230 கி.மீ.தான் வரும். ஆக, அந்தக் குழாய் வேக சாதனைக்கு இல்ல. மிதப்பது, தள்ளுவது, நிறுத்துவது, காற்றை எடுப்பது எல்லாம் சேர்ந்து வேலை செய்யுதான்னு பார்க்கத்தான். அதுக்கு அப்புறம்தான் நீளமான பாதையைப் பத்தி யோசிக்க முடியும்.

இந்த வருஷம் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? ஒரு மின்காந்தம், ஒரு ஹால் சென்சார், ஒரு அர்டுயினோ. அடியில ஒரு சின்ன காந்தம் அந்தரத்துல நிக்கணும். இதுவரைக்கும் சில நொடி நின்னு விழுந்துடுது, கன்ட்ரோலர் மதிப்புகளை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டிருக்கேன். நிலையா நின்னதும் ஒடுகத்தூர் எடுத்துட்டுப் போய் அந்த சார்கிட்ட காட்டணும், ஸ்கேல் இல்லாம.

உங்ககிட்ட காந்தமும் செம்புக் குழாயும் இருந்தா, குழாய்க்குள்ள காந்தத்தைப் போட்டுப் பாருங்க. மெதுவா இறங்கும். ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்!