மலையில் வேலைக்குப் போக ஒரு சைக்கிள்

“வீடு எங்க? எப்படி வந்து போவீங்க?” இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தால் அதை நலம் விசாரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரியில் ஆள் எடுப்பவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஜூலை மழையிலும் மே மாத சீசன் நெரிசலிலும் நேரத்துக்கு வந்து நிற்பவர்தான் ஆள். தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி முழுக்க வாடிய இலை விடிவதற்கு முன்பே ரோலருக்குப் போயாக வேண்டும். முதல் பஸ் வரும்வரை இலை காத்திருக்காது. உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் அதே டிகிரி, அதே கம்ப்யூட்டர் கோர்ஸ். “பஸ் கிடைச்சா வந்துடுவேன் சார்” என்று அவர் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது நிமிஷக் கணக்கு.

சீசனில் ரோடு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். நெரிசல் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊட்டி சேரிங் கிராஸில் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும்போது ஓரமாக நழுவிப் போகிறவர் சைக்கிள்காரர். சுற்றுச்சூழல், உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் போனஸ். நான் பேசுவது உங்கள் அட்டெண்டன்ஸைப் பற்றி.

1. முதலில் ரூட்டை அளந்து பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். பர்லியார் வழியாகத் தினமும் கீழிருந்து குன்னூருக்கு மிதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பஸ் ஏறுங்கள். குன்னூரிலிருந்து அருவங்காடு, வெலிங்டன், எல்லநள்ளியிலிருந்து கேத்தி, லவ்டேலிலிருந்து ஊட்டி டவுன் என்ற அளவில் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் வேலை இருந்தால் சைக்கிள் நியாயம். போனில் ஏதாவது ஒரு மேப் ஆப்பைத் திறந்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே எத்தனை மீட்டர் ஏற்றம் என்று பாருங்கள். 200 மீட்டர் வரை பழகிவிடும். 300ஐத் தாண்டினால் எலக்ட்ரிக் சைக்கிளை யோசியுங்கள். 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேண்டாம். ஒரே எச்சரிக்கை: சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் மெதுவாக நீண்ட ஏற்றம் ஏறும்போது சூடேறித் திணறும். பெடல் அச்சில் மோட்டார் இருக்கும் ரகம் விலை கூட, ஆனால் மலைக்கு அதுதான் பொருந்தும்.

2. கியர்: எத்தனை என்று கேட்காதீர்கள், எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள்

கடைக்காரர் “21 கியர்” என்பார். அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல்சக்கரம் போட்டுத்தான் ஏறுகிறது. அந்தப் பாதையின் உச்சச் சரிவு 12.5 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது 8 சதவீதம். உங்கள் எஸ்டேட் குறுக்குச் சாலையில், ஹட்டிக் கிராமத்துக்குத் திரும்பும் வளைவில், அதைவிடச் செங்குத்தான இடம் நிச்சயம் இருக்கும். இன்ஜினுக்கே பல் தேவைப்பட்ட மலையில் உங்கள் முட்டி என்ன செய்யும்?

கணக்கு எளிது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண ஒற்றை கியர் சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். மதுரையில் அது வசதி, இங்கே தண்டனை. முன்னால் சின்னப் பல்சக்கரம் 24, பின்னால் பெரியது 34 என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம், நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம். சிரிக்காதீர்கள். மூச்சு வாங்காமல், சட்டை நனையாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் கியர்தான். ஆகவே கடையில் பல்லை எண்ணுங்கள். முன்னால் உள்ள சின்னதைவிடப் பின்னால் உள்ள பெரியதில் பல் அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாடல்.

3. பிரேக்: காசை இங்கே கொட்டுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். ஏற்றம் உங்களைக் களைப்பாக்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இறக்கம்.

நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை சுமார் 400 மீட்டர் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தியை வைத்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். டயரும் எதிர்க்காற்றும் கொஞ்சம் தின்னும். மீதி முழுக்கச் சூடாகி உங்கள் பிரேக்கில்தான் இறங்கும்.

குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அப்பா காலத்து ரோட்ஸ்டரை மழையில் ஓட்டியவர்களிடம் கேளுங்கள். அலுமினிய ரிம் பரவாயில்லை, ஆனால் மழைச்சேறும் மணலும் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மையே அரத்தால் ராவுவது போல ராவிவிடும். வருஷம் முழுக்க ஓட்டுபவருக்கு என் சிபாரிசு கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஹைட்ராலிக் இன்னும் மிருதுவாகப் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஆயில் மாற்றவும் காற்று எடுக்கவும் தெரிந்தவர் உங்கள் பஜாரில் இருக்கிறாரா? கேபிள் அறுந்தால் சாதாரண சைக்கிள் கடையிலேயே பத்து நிமிஷ வேலை.

வாங்கும் முன் டிஸ்க்கில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிச் சரிவில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், காசு உங்களுடையது. இறங்கும்போது லீவரை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விடுங்கள்.

4. ஃப்ரேமும் ஃபோர்க்கும்

நான் முதலில் வாங்கியது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள். பார்ப்பதற்கு மோட்டார் பைக் மாதிரி இருந்தது. மிதித்த மிதியில் பாதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போனது, இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளே துரு. விற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். மலிவான சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம். விறைப்பான ஃபோர்க், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத டயர். குலுக்கலை டயர் பார்த்துக்கொள்ளும்.

ஸ்டீலா அலாயா என்றால், எஸ்டேட் ரோட்டில் சுமையோடு ஓட்டுபவருக்கு ஸ்டீல். விரிசல் விட்டால் உள்ளூரிலேயே வெல்டிங் வைக்கலாம். வீட்டுக்குள் தூக்கி வைக்கும் வாடகை மாடிக்காரருக்கு அலாய். டிசம்பர் மாதங்களில் டூர் ஆஃப் நீல்கிரீஸில் கார்பன் சைக்கிளில் கல்ஹட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறார்களே என்று ஆசைப்படாதீர்கள். 2008இல் தொடங்கிய அந்தப் பயணம் சில நாள் கூத்து, கூடவே உதவி வண்டியும் வரும். உங்களுக்கு வருஷத்தில் முந்நூறு நாள், பின்னால் வருவது தெரு நாய் மட்டும்.

5. ஈரம்

ஜூனில் ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்கு மழை. அது ஓய்ந்ததும் அக்டோபரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. நடுவில் மேகமூட்டம், அதற்குப் பிறகு உறைபனி. ஆகவே முழு நீள மட்கார்டு இல்லாத சைக்கிளை வாங்காதீர்கள். அல்லது மட்கார்டும் கேரியரும் மாட்டும் துளை ஃப்ரேமில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் சேற்றுக் கோடு போட்ட சட்டையோடு மேனேஜர் முன்னால் நிற்பவரைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லமாட்டார், மனதில் குறித்துக்கொள்வார்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். பாத்ரூமில் பாட்டிலோடு உறைந்து நிற்கும் எண்ணெய் செயினில் மட்டும் ஓடுமா? மழைக்கென்று விற்கும் செயின் ஆயிலை வாரம் ஒருமுறை, துடைத்துவிட்டு விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயினை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பின்னிலிருந்து அதற்கடுத்து வரும் 24ஆவது பின் வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம் கூடினாலே செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போகும்.

6. பிராண்டை விட உதிரிப்பாகம்

அட்லஸ் சைக்கிள் நாடு முழுக்க ஓடிய பெயர். அதன் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3ஆம் தேதி மூடப்பட்டது, அன்று உலக சைக்கிள் தினம் வேறு. ஆனால் பழைய அட்லஸ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் பாகம் எந்தப் பஜாரிலும் கிடைப்பதுதான் காரணம். பார்க்க அழகாக இருக்கும் விசேஷ டயர் சைஸ், கம்பெனி மட்டுமே தரும் ஃப்ரீவீல், இதெல்லாம் பொறி. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் மாடல் போட்டோவைக் காட்டி, “இதுக்கு டயர் இருக்கா, கோட்டம் எடுப்பீங்களாண்ணா?” என்று கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்த சைக்கிளை மறந்துவிடுங்கள்.

பட்ஜெட் இருபதாயிரம் என்றால் சைக்கிளுக்குப் பதினைந்து. மீதியில் மட்கார்டு, கேரியர், பூட்டு, லைட், மழைக் கோட். ஆபீஸில் ஒரு செட் சட்டை, துண்டு, உலர்ந்த சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும். பத்து நிமிஷம் முன்னதாகப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். வேர்த்து விறுவிறுத்து மீட்டிங்கில் நுழைபவருக்கு “பாவம்” என்ற பெயர் கிடைக்கும், புரமோஷன் கிடைக்காது.

7. இருட்டும் மூடுபனியும்

பின்னால் சிவப்பு லைட்டைப் பகலிலும் எரியவிடுங்கள். மூடுபனியில் டிரைவருக்கு முதலில் தெரிவது அதுதான். டயரில் உரசும் பழைய டைனமோ மழையில் வழுக்கி அணைந்துவிடும், சார்ஜ் லைட்டே மேல். குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தால் ஒதுங்குவது நீங்கள்.

இன்னொன்று. சைக்கிள் சத்தம் போடாது. தேயிலைத் தோட்டத்து வளைவில் அந்தி நேரத்தில் நிற்கும் கரடிக்கும் காட்டு மாட்டுக்கும் நீங்கள் வருவது தெரியாது. வளைவுக்கு முன்பே மணி அடியுங்கள். பார்த்துவிட்டால் பக்கத்தில் போய் மணி அடிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், தூரத்திலேயே நின்று அது போகும்வரை காத்திருங்கள். “ரோட்ல காட்டு மாடு சார்” என்று சொல்லி லேட்டாகப் போனால், இந்த மாவட்டத்தில் எந்த சூப்பர்வைசரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார். மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் சொல்லாதீர்கள்.