மேனியில் அணியும் மின்சேமிப்பு: இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

கொட்டாம்பட்டியிலிருந்து மின்வேதியியல் கற்கப் புறப்படும் இளம் ஆய்வாளருக்கு,

அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியே சென்றடையும் காரைக்குடியிலேயே இருப்பது இவ்வட்டார மாணவருக்கு வாய்த்த பேறு. மேனியில் அணியும் மின்சேமிப்புக்கான மூலப்பொருளும் அருகிலேயே உண்டு. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப்படாமல் கரியாக்கி, உயர்வெப்பத்தில் நீராவி செலுத்தி நுண்துளைகளைத் திறந்தால், ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டரையும் விஞ்சும் பரப்பு கிடைக்கும். அப்பரப்பில் அயனிகளைத் திரட்டி மின்னூட்டத்தைச் சேமிப்பதே மீமின்தேக்கி.

நாடித்துடிப்பை அளக்கும் கைப்பட்டைக்குள் அது வளைய வேண்டுமானால், இரு கரி மின்வாய்களுக்கும் இடையே திரவத்துக்குப் பதிலாக உப்பேற்றிய களி வேண்டும். பாலிவினைல் ஆல்கஹாலுடன் வெண்காரம் சேர்ந்த களியில் போரேட் பிணைப்புகள் அறுந்தாலும் மறுபடி கூடுவதால், வெட்டிய துண்டுகள் சேர்த்து வைத்ததும் தாமே ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அப்பிணைப்பு காரச் சூழலில் நிலைப்பது, மனித வியர்வையோ பெரும்பாலும் சற்றே அமிலத்தன்மை உடையது. சித்திரை வெயிலில் களத்தில் நிற்பவரின் கையில் களி நீரிழந்து இறுகும்போது, மூலக்கூறுச் சங்கிலிகள் நகர இயலாமல் தானே ஒட்டும் திறனும், அயனிகளின் ஓட்டமும் ஒருசேரக் குன்றும். கிளிசரின் சேர்த்தால் உலர்வது தாமதப்படும், எனினும் மின்கடத்தல் குறையும். ஆகவே குளிரூட்டிய அறையில் வெட்டி ஒட்டிக் காட்டும் சோதனையோடு ஆய்வாளர் நிறைவடையாமல், 40 பாகை வெப்பத்திலும் செயற்கை வியர்வையிலும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

மக்கும் தன்மையில்தான் இத்துறையினர் மிகவும் அவசரப்படுகின்றனர். சிரட்டைக் கரி தாவரத்தில் பிறந்ததே எனினும் மண்ணில் நெடுங்காலம் அழியாது. அதனால் பெருந்தீங்கு இல்லை. கரித்தூளைப் பிணைக்கும் புளோரின் கலந்த பாலிமரும் மக்காது. அதற்கு மாற்றாகக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசையோ, இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானையோ பயன்படுத்தலாம். பாலிவினைல் ஆல்கஹால் நீரில் கரைவது கண்ணுக்கு மறைவதே அன்றி மக்குவதாகாது, அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் எல்லா மண்ணிலும் போதிய அளவில் இருப்பதில்லை. எனவே கருவியை முழுதாகப் புதைத்து எடை பார்ப்பதோடு நில்லாமல், கரி, பிணைப்பான், களி, உலோகத்தகடு, மேலுறை ஆகியவற்றைத் தனித்தனியே கொட்டாம்பட்டி மண்ணில் புதைத்து, மழைக்காலம் கடந்தபின் எஞ்சியது எது என்பதைப் பகுதிவாரியாக ஆய்வேட்டில் பதிவது ஆய்வாளரின் கடமை.