பட்டாசு ஊரில் ஆண் குழந்தை: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“ஆம்பளப் புள்ளதான, தாங்கிருவான்.” சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பிள்ளை பிறந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. காய்ச்சலுக்கும் சொல்வார்கள், தொட்டிலிலிருந்து விழுந்ததற்கும் சொல்வார்கள். மருத்துவம் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. முதல் மாதத்தில் பெண் குழந்தையைவிட ஆண் குழந்தைதான் பலவீனம். குறைமாதத்தில் பிறந்தால் அவன் நுரையீரல் முதிர்வதற்குக் கூடுதல் நாள் எடுக்கும். தொற்றும் எளிதில் பற்றும். உலகம் முழுக்க இதுதான் நிலை. அதனால் இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒன்றுதான்: பையன் தாங்குவான் என்று நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: பிறக்கும் முன்பே பதிவு

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தப் படி எல்லாக் குழந்தைக்கும் பொது. நாள் தள்ளிப்போனதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகக் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவது இலவசம். பெயர் முடிவாகவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகும் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை ஒரு நாளில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளையும் தர வேண்டும். பயராபீஸோ (பட்டாசு ஆலை) தீப்பெட்டி ஆபீஸோ அச்சகமோ, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்பதைக் கர்ப்பமானவுடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவ வலி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

படி 2: முதல் நாள் உடம்பு முழுக்கப் பாருங்கள்

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் துணியை முழுக்க அவிழ்த்துப் பாருங்கள். ஆண் குழந்தைக்கென்றே பார்க்க வேண்டியவை சில உண்டு.

விதைப்பையில் இரண்டு விதையும் இருக்கிறதா? குறைமாதக் குழந்தைக்கு இறங்காமல் இருப்பது அதிகம். ஆறு மாதம் வரை தானாக இறங்கக்கூடும். அதற்கு மேலும் இறங்கவில்லை என்றால் குழந்தைகள் அறுவை மருத்துவரைப் பார்த்து ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிட வேண்டும். கல்யாண வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிள்ளைப்பேறும் பாதிக்கும், பின்னாளில் புற்றுநோய் அபாயமும் கூடும்.

விதைப்பை நீர் கோத்து வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வற்றிவிடும். அழும்போது தொடை இடுக்கில் புடைத்து, அழுகை நின்றதும் உள்ளே போகிற வீக்கம் வேறு, அது குடலிறக்கம். தானாகச் சரியாகாது, அறுவைதான் வழி. திடீரென்று விதை சிவந்து வீங்கி, தொட்டாலே குழந்தை வீறிட்டால் ராத்திரியானாலும் உடனே ஓட வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலும் விதை செத்துப்போகும்.

சிறுநீர் எப்படிப் போகிறான் என்பதைக் கவனியுங்கள். வளைந்து பீய்ச்சி அடித்தால் நல்லது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் உள்ளே அடைப்பு இருக்கலாம். ஆண் குழந்தைக்கு மட்டும் வருகிற அடைப்பு ஒன்று உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் சுன்னத் செய்யாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோலே தேவைப்படும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் அது சாதாரணக் காமாலை இல்லை, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காமாலைக்கு ஒரு காரணமாகிற ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு ஆண் குழந்தைகளுக்கே அதிகம். இந்தக் குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு அந்துருண்டையின் வாடையே ரத்தத்தைச் சிதைத்துவிடக்கூடும். பீரோவில் பத்திரப்படுத்திய பழைய சேலையைத் தொட்டில் கட்ட எடுக்கும்போது நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துவிட்டுக் கட்டுங்கள்.

படி 3: குளிப்பாட்டும்போது செய்யக்கூடாதவை

குளிப்பாட்ட வருகிற பெரியவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. காலை நீட்டிப்போட்டுக் குழந்தையைக் கிடத்தும் லாவகம் எந்த ஆஸ்பத்திரியிலும் கற்றுத் தருவதில்லை. ஆனால் சிலவற்றைத் தடுத்தே ஆக வேண்டும், அம்மாச்சியாக இருந்தாலும் அப்பத்தாவாக இருந்தாலும்.

முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டாம். பிறக்கும்போது அது ஒட்டித்தான் இருக்கும். சில ஆண்டுகளில் தானாகப் பிரியும். வலிந்து இழுத்தால் கிழிந்து தழும்பாகி, இல்லாத பிரச்சினை ஒன்று உண்டாகும். மார்புக் காம்பு வீங்கியிருந்தால் பிதுக்கிப் பால் எடுக்காதீர்கள். தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம் அது, சில வாரத்தில் வடியும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கை ஊதுவது, தொக்கம் எடுப்பது எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும்.

குளிப்பாட்டும்போது குறி விறைத்தால் பயப்படவோ கேலி பேசவோ ஒன்றுமில்லை. அது இயல்பு.

படி 4: வேலைத் துணியைத் தொட்டிலுக்கு அருகே விடாதீர்கள்

இந்த வட்டாரத்துக்கு என்றே எழுத வேண்டிய படி இது. வெளியூரில் அச்சாகும் குழந்தை வளர்ப்புப் புத்தகங்களில் இது இருக்காது.

பட்டாசு ஆலையின் மருந்து அறையில் வேலை பார்ப்பவர் மாலையில் கிளம்பும்போது அலுமினியத் தூள் படிந்து கையும் முகமும் வெள்ளியாக மின்னும். அதோடு கந்தகம், வெடியுப்பு, கரித்தூள். ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவற்றைப் பட்டாசில் சேர்க்க 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2018-ல் பேரியம் உப்புகளும் தடையாயின. தடை நல்லதுதான். ஆனாலும் மிச்சமிருக்கிற தூளும் கையை வாயில் வைக்கிற குழந்தைக்கு ஆகாது. மூச்சில் ஏறும், கண்ணை உறுத்தும், தோலில் தடிப்பு வரும்.

வீட்டுக்கு வந்ததும் மகன் தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்வான். தூக்காமல் இருப்பது எந்த அப்பாவுக்கும் கஷ்டம்தான். முடிந்தால் ஆலையிலேயே தலையோடு குளித்து மாற்றுத்துணி உடுத்தி வாருங்கள். ஆலையில் அந்த வசதி இல்லையென்றால் வாசலிலோ கொல்லையிலோ துணியை மாற்றிக் குளித்த பிறகே உள்ளே நுழையுங்கள். வேலைத் துணியைத் தனி வாளியில் ஊறவையுங்கள்; குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அதை உதறக் கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். வேலைக்குக் கட்டிப்போன சேலையில் தொட்டில் கட்டவே கூடாது. தாய் வேலைக்குப் போகிறவர் என்றால் குளித்த பிறகு பால் கொடுக்கட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

தலை காய வைக்கச் சாம்பிராணி போடும் வழக்கத்தை இந்த ஊரில் அடியோடு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். புகை பச்சைக்குழந்தையின் நெஞ்சைக் கெடுக்கும் என்பது ஒன்று. மருந்துத்தூள் ஏறிய துணி கிடக்கிற வீட்டில் கனிந்த கங்கோடு தூபக்காலை எடுத்துச் சுற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுவதும் மருந்து வைத்து வேலை பார்ப்பதும் சட்டவிரோதம். காசு நெருக்கடியில்தான் அந்த வேலை வீட்டுக்குள் வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வேலை நடக்கிற கூரைக்கும் பக்கத்துக் கூரைக்கும் கீழே குழந்தை தூங்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

படி 5: பால், வெயில், பால்கோவா

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்; ஆறு மாதம் வரை அது மட்டும்தான். சேனை தொட்டு வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரை மருந்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆபத்து. ஆண் பிள்ளைக்குப் பால் பற்றாது, மாவுப்பால் சேர்க்க வேண்டும் என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள்: நடுத்தர எடை பிறக்கும்போது ஆணுக்கு 3.3 கிலோ, பெண்ணுக்கு 3.2. ஒரு வயதில் 9.6, 8.9. இந்த வித்தியாசத்துக்குத் தாய்ப்பாலே போதும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் விருதுநகர் கொதிக்கும்போதும் ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும். டயப்பரைப் பகலில் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியில் விடுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் கம்பு, கேழ்வரகு, பருப்பு, முட்டை, கீரை என்று நம் கரிசல் காட்டு உணவே தாராளம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் சேவும் இரண்டு வயதுக்குப் பிறகு ருசி பார்க்கட்டும்.

தடுப்பூசி பிறந்த அன்று தொடங்கி 6, 10, 14-வது வாரம், 9-வது மாதம், பிறகு ஒன்றரை வயது வாக்கில். புதன்கிழமை தடுப்பூசி நாள். கூலி போகும் என்று தவறவிடாதீர்கள்.

படி 6: மொட்டைக்கும் காதுகுத்துக்கும் முன்

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது வழக்கம். அதற்குமுன் ஒரு விசாரணை: அம்மா வழியில் யாராவது ஆண்களுக்குச் சின்னக் காயத்திலேயே ரத்தம் நிற்காமல் போனதுண்டா? ஹீமோபிலியா தாய் வழியாக மகனுக்கு வரும். அப்படி ஒரு பேச்சு குடும்பத்தில் இருந்தால் ரத்தப் பரிசோதனை முதலில், காதுகுத்து பிறகு. மொட்டைக்குப் புதுப் பிளேடு கேட்டு வாங்குங்கள். ஊசியும் புதிதாக இருக்கட்டும்.

படி 7: பேச்சு தாமதமானால்

“ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்.” இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆண் குழந்தைகள் சராசரியாகச் சில வாரங்கள் பின்தங்குவது உண்டு. வருடக் கணக்கில் காத்திருக்க அது காரணமாகாது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, ஒன்றரை வயதில் நாலைந்து சொல்லாவது வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காதையும் வளர்ச்சியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு அவன் பேச வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் பேசுங்கள்.

படி 8: தவழ ஆரம்பித்த பிறகு

ஆறேழு மாதத்தில் தரைமட்டத்தில் இருப்பதெல்லாம் அவன் வாய்க்குப் போகும். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டில் பசைச் சட்டி, அட்டைத் துண்டு. பட்டாசு வாங்கி வைத்த வீட்டில் பொட்டு வெடி, பாம்பு மாத்திரை. பாம்பு மாத்திரை பார்ப்பதற்கு மருந்து மாத்திரை போலவே இருக்கும், அது விஷம். எதுவானாலும் பூட்டி, உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

தீபாவளிக்குக் கைக்குழந்தையின் கையில் கம்பி மத்தாப்பைப் பிடிக்க வைத்து போட்டோ எடுக்க ஆசைப்படுவார்கள்; பெண் பிள்ளையாக இருந்தால் வேண்டாம் என்பவர்கூடப் பையன் என்றால் கொடுத்துவிடுகிறார். அந்தக் கம்பியின் முனை ஆயிரம் டிகிரிக்கும் மேல் காயும். கொடுக்காதீர்கள். சரவெடிச் சத்தம் எட்டாத உள்ளறையில் அவனை வையுங்கள். வெடிக்கிற இடத்துக்குத் தூக்கிவர வேண்டாம்.

தீப்பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. ஒட்டாத துணியைக் கழற்றிவிடுங்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். அரைஞாண் கயிற்றையும் காப்பையும் வீங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் லேசாக மூடி, காயமில்லாத இடத்தைக் குளிராமல் போர்த்தி, சிவகாசி அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். முகம், கை, பிறப்புறுப்பு இவற்றில் பட்டிருந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் ஆம்புலன்ஸிலேயே போங்கள். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.