ஒரே உடையா, இரண்டு துண்டா? பனி ஊர்தி ஓட்டுநரின் வெப்பக் கணக்கு

அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்படும் பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். சிலர் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி அணிந்திருப்பார்கள். ஜாக்கெட்டின் முன்புறத் திறப்பு வழியே காற்று உள்ளே புகும்; முதுகுப்பக்கத்தில் திறப்பே இல்லை. அதனால்தான் முதுகுப்பக்கத்தை நெஞ்சுக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களே மழை உடை அணிந்து ஒரு மணி நேரம் ஓட்டி வந்தால், மழைநீர் ஒரு துளிகூட உள்ளே போகாவிட்டாலும் சட்டை நனைந்திருக்கும். அது மழையல்ல, வியர்வை.

காற்றை உள்ளே விடக்கூடாது. வியர்வையை வெளியே விடவேண்டும். இவ்விரண்டையும் ஒரே உடை செய்வது கடினம். நமக்கு அது சிறு தொல்லை. ஆனால், மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் பனிமேல் வண்டி ஓட்டுபவருக்கு அது உயிர் காக்கும் விஷயம்.

பனிமேல் ஓடும் வண்டி

ஸ்னோமொபைல் எனப்படும் பனி ஊர்திக்கு முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகளும் பின்னால் சுழலும் ரப்பர்ப் பட்டையும் இருக்கும். சைக்கிளில் இருப்பதுபோல் கைப்பிடி உண்டு, கூரை இல்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, 1959ஆம் ஆண்டு 'ஸ்கீ-டூ' என்ற இலகுவான பனி ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் இவ்வண்டி பரவியது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்இயர்பியன் போன்ற ஊர்களை மற்ற ஊர்களோடு இணைக்கும் சாலைகள் இல்லை. குளிர்காலத்தில் அங்கு ஊருக்கு வெளியே போகப் பனி ஊர்திதான் கைகொடுக்கிறது.

இதை ஓட்டுபவர்கள் அணியும் உடை இரு வகைப்படும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைக்கப்பட்டது முழு உடை. மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இருப்பது இரண்டு துண்டு உடை. இரண்டில் எது சிறந்தது? விடை காண, முதலில் வெப்பம் உடலைவிட்டு எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

வெப்பம் வெளியேறும் நான்கு வழிகள்

வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக் கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் பாடநூலில் படித்திருப்பீர்கள். நான்காவது வழி ஆவியாதல்.

குளிர் உடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது நம் உடல்தான். உடையின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட அசையாத காற்று அந்த வெப்பத்தை மெதுவாக வெளியே விடுகிறது. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. நீர் அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். எனவே, உடைக்கு இரண்டு பகைகள்: உள்ளிருக்கும் காற்றை அசைத்து வெளியேற்றும் காற்றோட்டம் ஒன்று, அந்தக் காற்று இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈரம் மற்றொன்று.

முதல் பகை: காற்று

காற்றே வீசாத நாளிலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டினால், ஓட்டுநருக்கு அது 60 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் வாய்பாட்டின்படி, மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், மூடப்படாத தோலுக்கு அது மைனஸ் 36 டிகிரி போன்ற குளிராக இருக்கும். அந்த நிலையில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் தோல் உறைந்துபோகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். காற்றுக்குளிர் என்பது வெப்பமானி காட்டும் அளவு அல்ல. அந்தக் காற்றில் ஒரு வெப்பமானியை வைத்தால் அது மைனஸ் 20தான் காட்டும். வெப்பம் எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதையே காற்றுக்குளிர் சொல்கிறது.

இங்கே முழு உடை முந்துகிறது. ஓட்டுநர் கைப்பிடியை நோக்கிக் குனியும்போது, இரண்டு துண்டு உடையின் மேல்சட்டை மேலே ஏறும். இடுப்பில் இடைவெளி விழும். உள்ளே உடலால் சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழுந்து கழுத்து வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, இடுப்பு இடைவெளி வழியே குளிர்காற்று உள்ளே வரும். புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். அதோடு, ஓட்டுநர் அசையும் ஒவ்வொரு முறையும் உடை கொல்லன் துருத்திபோலக் காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும். முழு உடையில் இடுப்புத் திறப்பே இல்லை. காற்றோடு சேர்ந்து பனித்தூளும் அவ்வழியே புக முடியாது.

இரண்டு துண்டு உடை செய்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கால்சட்டையை நெஞ்சுவரை உயர்த்தி, தோளில் வார் வைத்துத் தைக்கிறார்கள். மேல்சட்டை ஏறினாலும் கால்சட்டை இறங்குவதில்லை. வயிறும் இடுப்பும் இரட்டைப் பாதுகாப்பில் இருக்கும். மேல்சட்டையின் உட்புறம் மீள்பட்டி வைத்த ஒரு துணிவளையம் இடுப்பை இறுக்கிப் பனித்தூளைத் தடுக்கும்.

இரண்டாம் பகை: வியர்வை

குளிரில் வியர்க்குமா? நன்றாகவே வியர்க்கும். பனி ஊர்தி ஆழ்பனியில் புதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட அந்த வண்டியை மண்வெட்டியால் தோண்டி, இழுத்து, தள்ளி வெளியே எடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்கும். கடுமையாக உழைக்கும்போது அது 500 வாட்டைக்கூடத் தாண்டும். வெப்ப உற்பத்தி ஐந்து மடங்கு கூடியும் உடையின் தடிமன் அப்படியே இருக்கிறது. மிஞ்சிய வெப்பத்தை வெளியேற்ற உடல் வியர்க்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 300 வாட் வெப்பம் அரை மணி நேரம் மிஞ்சுகிறது.

300 வாட் × 1,800 வினாடி = 540,000 ஜூல், அதாவது 540 கிலோஜூல்.

தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை.

540 ÷ 2.4 = 225 கிராம்.

கிட்டத்தட்ட ஒரு கோப்பை வியர்வை. அது வெளியேற வழியில்லாமல் உள்ளாடையிலேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டியை மீட்டபின் ஓட்டுநர் மீண்டும் உட்கார்ந்துவிடுவார். இப்போது அவர் உடலின் உற்பத்தி 100 வாட் அளவுதான். அந்த ஈரத்தை உடல் வெப்பத்தாலேயே உலர்த்த அதே 540 கிலோஜூல் வேண்டும்.

540,000 ஜூல் ÷ 100 வாட் = 5,400 வினாடி.

அதாவது, ஒன்றரை மணி நேரம் உடல் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் ஈரத் துணியை உலர்த்தவே செலவாகும். உடலைச் சூடாக வைத்திருக்க எதுவும் மிஞ்சாது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உடல்வெப்பக் குறைவு என்னும் ஆபத்தான நிலை. முதலில் உடல் நடுங்கும், பிறகு கை தடுமாறும், சிந்தனை குழம்பும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இந்தக் குழப்பமே உயிரைப் பறித்துவிடலாம்.

இங்கே இரண்டு துண்டு உடை முந்துகிறது. தோண்டத் தொடங்குமுன் மேல்சட்டையைக் கழற்றி வண்டிமேல் போட்டுவிடலாம். நெஞ்சுவரை உயர்ந்த கால்சட்டை பனியைத் தடுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த மேல்சட்டையைத் திரும்ப அணியலாம். பஞ்சு நிரப்பிய முழு உடையை அணிந்தவரோ, மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அது பனியில் புரளும்.

இன்னொரு சிறு காரணமும் உண்டு. குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்பும். உடலில் நீர் மிகுந்துவிட்டதாகக் கருதிச் சிறுநீரகங்கள் கூடுதலாகச் சிறுநீரை உண்டாக்கும். கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முழு உடையைத் தோளிலிருந்து இறக்குவது எளிதல்ல. இதற்கெனச் சில முழு உடைகளில் பின்புறம் தனி ஜிப் வைத்திருப்பார்கள்.

இரு வகைக்கும் பொதுவான சோதனை

எந்த வகையாக இருந்தாலும் வெளித்துணி நீரைத் தடுத்து நீராவியை விடவேண்டும். இதற்காகத் துணியோடு மெல்லிய சவ்வு ஒட்டப்படுகிறது. அதன் நுண்துளைகள் நீர்த்துளி புக முடியாத அளவு சிறியவை. தனித்தனி நீராவி மூலக்கூறுகள் புகுந்து செல்லும் அளவு பெரியவை.

நீர் தடுக்கும் திறனை நீர்த்தூணின் உயரமாக மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். 70 கிலோகிராம் எடையுள்ளவர் பனியில் ஒரு காலை மண்டியிடுகிறார். பாதி எடை, அதாவது 350 நியூட்டன் விசை, 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுத்துகிறது. அழுத்தம் 70,000 பாஸ்கல். இது 7 மீட்டர், அதாவது 7,000 மில்லிமீட்டர் நீர்த்தூணின் அழுத்தத்திற்குச் சமம். எனவே, 5,000 மில்லிமீட்டர் என்று குறிக்கப்பட்ட துணி மழையைத் தாங்கினாலும் முழங்காலில் கசியக்கூடும். நல்ல உடைகளில் முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் கூடுதல் துணி வைத்துத் தைப்பது இதனால்தான்.

அளவும் முக்கியம். முழு உடை அணிந்தவர், தோளிலிருந்து தொடையிடுக்குவரை உள்ள நீளம் போதுமா என்று உட்கார்ந்தும் குனிந்தும் பார்க்க வேண்டும். நீளம் குறைந்தால் உடை இழுபடும். இழுபட்ட இடத்தில் பஞ்சு நசுங்கி, அதிலிருந்த காற்று போய்விடும். காற்று போனால் கதகதப்பும் போய்விடும்.

மூன்று ஓட்டுநர்கள், மூன்று விடைகள்

முதலாமவர், லாங்இயர்பியனுக்கு வந்த சுற்றுப்பயணி. சில மணி நேரம் வண்டியில் உட்கார்ந்தே இருப்பார். வெப்ப உற்பத்தி குறைவு, அதிகம் மாறாது. அவருக்குப் பஞ்சு நிரப்பிய முழு உடை ஏற்றது. அங்குள்ள பயண ஏற்பாட்டாளர்கள் வருகையாளருக்கு இத்தகைய உடையைத்தான் தருகிறார்கள்.

இரண்டாமவர், பின்லாந்தின் லாப்லாந்தில் கலைமான் மேய்ப்பவர். கொஞ்ச நேரம் ஓட்டுவார், இறங்கி நடப்பார், தீவனம் சுமப்பார், குடிலுக்குள் நுழைந்து சூடாக எதையாவது குடிப்பார். அவரது வெப்ப உற்பத்தி மாறிக்கொண்டே இருக்கிறது. கழற்றி மாட்ட எளிதான இரண்டு துண்டு உடை அவருக்கு வசதி.

மூன்றாமவர், கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைகளில் இடுப்பளவு பனியில் ஓட்டும் விளையாட்டுக்காரர். நின்றபடியே ஓட்டுவார், அடிக்கடி புதைவார், தோண்டுவார். அவருக்கு வியர்வையும் மிகுதி. உள்ளே புகப் பார்க்கும் பனித்தூளும் மிகுதி. இவரைப் போன்றவர்கள் பலர் விரும்புவது பஞ்சே இல்லாத மெல்லிய முழு உடை. அக்குளிலும் தொடையிலும் காற்றோட்ட ஜிப்புகள் இருக்கும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. பருத்தி கூடாது, அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நின்றதும் போட்டுக்கொள்ள ஓர் உலர்ந்த மேலாடை பையில் இருக்கும்.

இரண்டு முழு உடைகள். ஆனால் ஒன்றில் பஞ்சு உண்டு, மற்றொன்றில் இல்லை. ஆகவே, "ஒன்றா, இரண்டா?" என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "என் உடலின் வெப்ப உற்பத்தி எவ்வளவு, அது எவ்வளவு மாறும்?" என்பதே.

ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கலைமான் தோலால் ஆன அவர்களது மேலாடைக்கு முன்புறத் திறப்பு கிடையாது, தலைவழியே அணிவார்கள். கடுங்குளிரில், உரோமம் உடலைப் பார்க்குமாறு ஓர் உள்ளுடையும், உரோமம் வெளியே இருக்குமாறு ஒரு மேலுடையும் அணிவார்கள். தளர்வான மேலாடை கால்சட்டையை நன்கு மூடித் தொங்கும். உடல் சூடேறினால் கழுத்தைத் தளர்த்திக் காற்றை விடுவார்கள். அதுவும் இரண்டு துண்டு உடைதான்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று போத்தல்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஆசிரியரின் மேற்பார்வையில் 60 டிகிரி நீர் போதும். முதல் போத்தலை உலர்ந்த துணியாலும், மற்ற இரண்டை ஈரத் துணியாலும் சுற்றுங்கள். மூன்றாவதன் ஈரத் துணிமேல் பிளாஸ்டிக் பையை இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். மூன்றையும் மின்விசிறிக்கு முன் வைத்து, 5 நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் வரையுங்கள்.

சிந்தியுங்கள்

1. எந்தப் போத்தல் விரைவாக ஆறியது? ஏன்?
2. பிளாஸ்டிக் பை எந்த வழிகளில் வெப்ப இழப்பைக் குறைத்தது? அந்தப் பைக்குள் ஈரம் ஏன் அப்படியே இருந்தது?
3. மோட்டார் சைக்கிள் மழை உடைக்கும் மூன்றாவது போத்தலுக்கும் என்ன ஒற்றுமை?
4. வண்டி பழுதாகி, ஓட்டுநர் 3 கிலோமீட்டர் பனியில் நடக்க வேண்டியிருக்கிறது. நடக்கத் தொடங்குமுன் அவர் தம் உடையில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்? முழு உடை அணிந்தவருக்கும் இரண்டு துண்டு உடை அணிந்தவருக்கும் உங்கள் விடை எப்படி வேறுபடும்?