வரதனிடம் வைத்த முதல்

பொருளீட்டும் குலத்திற் பிறந்து, எம்பெருமான் அருளையே பெரும்பொருளாகக் கொண்டு, கவியும் பாடியருளிய மஹான் ஒருவர் நம் காஞ்சிக்கு உரியவர். அவரே திருக்கச்சிநம்பிகள். நெசவும் வியாபாரமும் நிறைந்த காஞ்சியைச் சூழ்ந்து வாழும் நம் போன்றோர்க்கு அவருடைய சரித்திரம் ஏற்றதொரு பாடமாகும் எனக் கருதி, இவ்வுத்ஸவ காலத்தில் அடியேன் விண்ணப்பிக்கிறேன்.

நம்பிகள் பூவிருந்தவல்லியில், வைசிய குலத்தில், கி.பி. 1009-ஐ ஒட்டிய ஸௌம்ய வருஷத்து மாசி மாதம், மிருகசீரிஷ நக்ஷத்திரத்தில் அவதரித்தார் என்பது பெரியோர் வழக்கு. தந்தையார் தம் செல்வத்தைப் புதல்வர் நால்வருக்கும் பகிர்ந்தளித்து, அதனைப் பெருக்குமாறு பணித்தாராம். மூத்தோர் மூவரும் அவ்வாறே பெருக்கினர். இளையவரான நம்பிகளோ தம் பங்கைக் கொண்டு நந்தவனம் அமைத்தார். பூத்த மலர்களைத் தொடுத்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்திகிரிக்குச் சென்று பேரருளாளனுக்குச் சாத்தி மகிழ்ந்தார். உலகத்தார் கண்ணுக்கு இது முதலையே இழந்த வியாபாரம். நம்பிகளுக்கோ இதுவே நிலைத்த முதலீடு.

பிரமன் வேள்வித் தீயினின்று தோன்றிய வரதனுக்கு வெப்பந் தணிய ஆலவட்டம் வீசுவதே அவருடைய நித்திய கைங்கர்யமாயிற்று. அவ்வேளையில் எம்பெருமான் அவரோடு வார்த்தையாடுவான் என்பது பிரசித்தம். 1017-இல் அவதரித்த இராமாநுசரும் தம் ஐயங்களை இவர் வாயிலாகவே விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளை விடையாகப் பெற்றார். வணிகர் குலத்தில் வந்தவரையே ஆசார்யராக அடைய விரும்பினார் அந்த அந்தணர். நம்பிகள்தாம் அதற்கு இசையவில்லை.

நம்பிகள் அருளிச்செய்த தேவராஜாஷ்டகம் எளிய வடமொழியில் அமைந்தது. அதில் ஸம்ஸாரத்தைப் பாலைவனமாக வருணிக்கிறார். அங்கே நோய்கள் புலிகளாகத் திரிகின்றன. வேட்கையே மரமாக வளர்ந்து நிற்கிறது. மக்கள், மனைவி, வீடு, நிலம் என்பன கானல்நீராகப் பெருகித் தோன்றுகின்றன. செல்வத்தை அறியாதவர் அதனைக் கானல் என்பது எளிது. செல்வம் நிறைந்த மனையில் வளர்ந்து, பங்கும் பெற்றுக்கொண்டவர் சொல்லும்போதன்றோ அச்சொல்லுக்கு மதிப்பு!

இத்தகையவரிடத்தும் ஒரு கணக்கு எஞ்சியிருந்தது. "அடியேனுக்கு மோக்ஷம் உண்டோ?" என்று அவர் ஒருநாள் கேட்டாராம். நீ விசிறினாய், அதற்கு ஈடாக நாம் உன்னோடு பேசினோம். கொடுத்ததற்கும் பெற்றதற்கும் சரியாயிற்று என்னும் கருத்துப்பட விடையளித்தான் வரதன். அடியார்க்கு அடியாராய்த் தொண்டு செய்தன்றி மோக்ஷம் இல்லை என்றும் உணர்த்தினான். உடனே நம்பிகள் திருக்கோட்டியூர் நம்பியின் திருமாளிகையை அடைந்து, தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் மாடு மேய்க்கும் பணியை ஏற்றார் என்று பெரியோர் சொல்லுவர். வரதனோடு வார்த்தையாடியவர் மாட்டுக்கொட்டிலில் நின்றார்! வணிகர் மகன் தம் கடைசிக் கணக்கையும் தீர்த்தது அங்கேதான்.

அன்பர்களே! நாம் ஸந்நிதிக்கு வரும்போது கணக்கின்றி வருகிறோமா? சரக்கு விலைபோனால் ஒரு புஷ்பாங்கி, பெண்ணுக்கு வரன் அமைந்தால் ஒரு திருமஞ்சனம் என்று பேரம் பேசுகிறோம். கற்பூரத் தட்டில் விழும் காசை மனத்துள் எண்ணிய நாட்கள் அடியேனுக்கும் உண்டு. அதனால் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் எழுதவில்லை.

வியாபாரம் செய்வது தவறன்று. கடையில் கணக்கு வேண்டும். தராசு நேராக நிற்க வேண்டும். ஆனால் அத்தராசைக் கோயில் வாசலிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். இவ்வுத்ஸவத்தில் ஒருநாளேனும் ஒன்றும் வேண்டாமல் ஸேவியுங்கள். திரும்புகையில், வெயிலில் களைத்து நிற்கும் ஓர் அடியாருக்குச் சற்றே விசிறுங்கள். நம்பிகள் காட்டிய வழி அதுவே.

திருக்கச்சிநம்பிகள் திருவடிகளே சரணம்.